கூம்புச் சங்கும் மூன்று பேர் மூச்சும்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ருஸ்திகோ கடற்கரை மணலில் தள்ளாடிக்கொண்டு வந்ததைப் பார்த்தவர்கள் அவன் குடித்திருக்கிறான் என்றே நினைத்தார்கள். வலையை உதறிக்கொண்டிருந்த இரண்டு பேர், பொழுது விடிந்ததும் விடியாததுமாகக் கள் இறங்கிவிட்டதா என்று சத்தமாகவே கேலி பேசினார்கள். ருஸ்திகோ பதில் சொல்லாமல் போனான். ஒரு கேலிக்கு ஒன்பது கேலி திருப்பிக் கொடுக்கிற மனிதன் அவன். வாயைத் திறக்காமல் அவன் யாரையும் கடந்து போனதாகப் பாலிஹோன் தீவில் ஒருவருக்கும் நினைவில்லை.

அவன் நேராகச் சுகாதார நிலையத்துக்குத்தான் வந்தான். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை அது. பசிலிசா அங்கே ஒரு கைக்குழந்தையை எடைபோட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தீவுக்கும் பக்கத்துத் தீவுக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான் மருத்துவச்சி. பத்தொன்பது வருடமாகப் பிரசவம் பார்க்கிறாள், காயத்துக்குக் கட்டுப் போடுகிறாள், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கிறாள். ஊரில் எல்லாருக்கும் நர்ஸக்கா.

"நர்ஸக்கா, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது," என்றான் ருஸ்திகோ. நாக்கு தடித்துப்போனவனைப் போலச் சொற்கள் குழைந்து வந்தன.

பசிலிசா அவன் முகத்தைப் பார்த்தாள். இமைகள் இரண்டும் பாதிக்கு மேல் ஏறாமல் தொங்கின. வாயில் கள் வாடை இல்லை. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, சங்கு பொறுக்க முங்கும்போது அவன் இடுப்பில் கட்டிக்கொள்கிற துணிப்பையை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள். மூன்று புலிச்சோழிகள் உருண்டன. அவற்றோடு உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கூம்புச் சங்கும் விழுந்தது. மெல்லிய ஓடு, பழுப்பு வலை போட்ட மாதிரி கோலம். சங்குக்குள்ளிருந்த பூச்சி இன்னும் உயிரோடுதான் இருந்தது. அவன் கால்சட்டையை இறக்கி இடுப்பைப் பார்த்தாள். எறும்பு கடித்த அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

எப்போது குத்தியது என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் இருக்கும் என்றான். வலிக்கவேயில்லையாம். அதனால் பொருட்படுத்தாமல் இன்னும் இரண்டு தடவை முங்கி எழுந்திருக்கிறான்.

இதே மாதிரிச் சங்கை அவள் ஏழு வருடத்துக்கு முன்னால் பார்த்திருக்கிறாள். அன்று வந்தவன் பெயர் சில்வேரியோ, இருபத்திரண்டு வயது. குத்துப்பட்ட கையைக் கட்டினாள், ஊசி போட்டாள், நெற்றியைத் துடைத்தாள். மூன்று மணி நேரத்தில் அவன் மூச்சு நின்றுபோனது. கழுத்தில் விரல் வைத்தபோது நாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடங்கப்போகிற உயிரின் கடைசித் துடிப்பு என்று நினைத்து அவளே அவன் கண்களை மூடிவிட்டாள்.

அடுத்த வருடம் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் உயிருள்ள கூம்புச் சங்குகளைத் தேடிக்கொண்டு தீவுக்கு வந்தாள். கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து அந்தப் பெண் எல்லாவற்றையும் விளக்கினாள். இந்தப் பூச்சிக்கு ஓடத் தெரியாது, மீனைத் துரத்திப் பிடிக்க முடியாது, அதனால் தொட்ட மாத்திரத்தில் மீன் விறைத்துப்போகும்படி விஷம் வைத்திருக்கிறது. ஒரு விஷம் இல்லை, நூற்றுக்கு மேல் விஷங்களின் கலவை. மனிதனைக் குத்தினால் நரம்பிலிருந்து தசைக்குப் போகிற கட்டளையை அது மறித்துவிடும். மூச்சு இழுக்கிற தசைகூட அசையாது. ஆனால் இதயம் தன் தாளத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். அறிவையும் அது தொடுவதில்லை. ஒரு நாள் போனால் உடம்பே விஷத்தைக் கழித்துவிடும்.

அந்த ஒரு நாளும் யாராவது சில்வேரியோவுக்காக மூச்சு விட்டிருந்தால் என்று பசிலிசா கேட்டாள். எழுந்து உட்கார்ந்திருப்பான் என்றாள் அந்தப் பெண்.

அந்த ஒரு வாக்கியத்தை ஆறு வருடமாகப் பசிலிசா சுமந்துகொண்டிருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் இனி ஒருவன் அப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் மனத்துக்குள் பல தடவை செய்து பார்த்துவிட்டாள். இப்போது அதையே செய்தாள். விஷம் மெதுவாகப் பரவட்டும் என்று இடுப்பைச் சுற்றி அகலமாகத் துணியை இறுக்கிச் சுற்றினாள். அவனை நடக்க விடாமல் கதவுப் பலகையைக் கழற்றி அதில் படுக்க வைத்தாள். வெளியே நின்றவர்களிடம், பெலாகியோவின் மோட்டார் படகை உடனே கரைக்குக் கொண்டுவரச் சொன்னாள். பெலாகியோ ருஸ்திகோவின் மனைவி அனிசேத்தாவுக்குத் தம்பி. படகு வந்தபோது அனிசேத்தாவும் சமையல் கையோடு ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

நகரத்துத் துறைமுகத்துக்கு இரண்டரை மணி நேரம். அலை ஓரளவுக்கு இருந்தது. கவிழாமல் இருக்கப் படகின் இருபுறமும் கட்டியிருந்த மூங்கில்கள் தண்ணீரை அறைந்துகொண்டே போயின.

முதல் அரை மணி நேரம் ருஸ்திகோ தானாகவே மூச்சு விட்டான். பிறகு அது மேலோட்டமானது. கை விரல் அசையவில்லை. எச்சிலை விழுங்க முடியவில்லை. பசிலிசா அவன் தலையை ஒருபக்கம் சாய்த்து வாயைத் துடைத்துவிட்டாள். குனிந்து அவன் காதில், செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"ருஸ்திகோ, கேளு. இன்னும் கொஞ்ச நேரத்துல உனக்கு மூச்சு நின்னுரும். நீ சாகப் போறதில்ல. உனக்குப் பதிலா நாங்க விடுவோம். பயப்படாம கெட."

அவன் இமை அசையவில்லை. அடுத்த நிமிடமே நெஞ்சு ஏறுவது நின்றது. பசிலிசா அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நெஞ்சு எழும்பியது. அவள் தலையைத் தூக்கியதும் தாழ்ந்தது. மறுபடி ஊதினாள்.

சுகாதார நிலையத்தில் காற்று ஊதும் பை ஒன்று இருந்தது. ஆனால் அது பிறந்த குழந்தைக்கானது, ருஸ்திகோவின் நெஞ்சுக்கு அது கொசு மூச்சு. அதனால் மனிதர்கள்தான் ஊத வேண்டும். ஒருத்தியே விடாமல் ஊதினால் அவளுக்கே கண் இருட்டிக்கொண்டு வரும் என்பது அவளுக்குத் தெரியும். இருநூறு மூச்சுக்கு ஒருவர் மாற வேண்டும், சும்மா இருப்பவர் சத்தமாக எண்ண வேண்டும் என்று ஒழுங்கு வைத்தாள். அனிசேத்தா பக்கத்தில் மண்டியிட்டு, எப்படித் தாடையைத் தூக்குவது, எவ்வளவு ஊதுவது என்று பார்த்துக்கொண்டாள். தன் முறை வந்ததும் தயங்காமல் குனிந்தாள். முதல் நான்கு மூச்சு மூக்கு வழியே வீணாயிற்று. ஐந்தாவதில் நெஞ்சு எழும்பியது.

இரண்டு பேரும் இரண்டு சுற்று முடித்தார்கள். மூன்றாவது சுற்றின் நடுவில் அனிசேத்தாவுக்குத் தலை சுற்றி, படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். பசிலிசா அவளை விலக்கிவிட்டுத் தானே தொடர்ந்தாள். அப்போதுதான் எஞ்சின் சத்தம் தணிந்தது.

பெலாகியோ வேகத்தைக் குறைத்திருந்தான். சுக்கானைப் பிடித்தபடியே அத்தனை நேரமும் மைத்துனனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தவன் அவன். பாதி திறந்த இமைக்குள் கண்மணி அகலமாக விரிந்து, வெயில் நேரே விழுந்தும் சுருங்காமல் கிடந்தது. உதடு, கை, கால் எதிலும் உயிரின் அடையாளம் இல்லை.

"போதும் நர்ஸக்கா," என்றான். "மச்சான் போயிட்டாரு. பொணத்த நகரத்துக்குக் கொண்டுபோனா அப்புறம் வெளிய எடுக்க எத்தன நாளாகுமோ, எத்தன கையெழுத்தோ. ஊருக்குத் திருப்பறேன். வீட்ல வெச்சு மரியாதையா அடக்கம் பண்ணுவோம்."

அனிசேத்தா தம்பியைப் பார்த்தாள், பிறகு பசிலிசாவைப் பார்த்தாள். எதை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பசிலிசாவால் விவாதம் செய்ய முடியாது. வாய் அவளுடையதாக இல்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில்தான் பேசினாள்.

"கைய... குடு." ஊதினாள். "இங்க வா." ஊதினாள். "அனிசேத்தா, நீ சுக்கானப் பிடி."

மீனவன் மகள் அனிசேத்தா. சுக்கான் அவளுக்குப் புதிதில்லை. அவள் போய்ப் பிடித்துக்கொண்டாள். பெலாகியோ மனமில்லாமல் வந்து மண்டியிட்டான். பசிலிசா அவனுடைய இரண்டு விரல்களைப் பிடித்து ருஸ்திகோவின் கழுத்தில், தாடைக்குக் கீழே அழுத்தி வைத்தாள்.

"இது யாரோட நாடி?"

பெலாகியோவின் விரலுக்குக் கீழே அது அடித்துக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், விட்டுவிடாமல், கரையில் படகு முட்டுகிற மாதிரி. அவன் விரலை எடுத்துவிட்டுத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தான். மறுபடி மைத்துனன் கழுத்தில் வைத்தான்.

"செத்தவனுக்கு இப்படி அடிக்குமா?" என்று கேட்டாள் பசிலிசா, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு தடவை ஊதிக்கொண்டு. "கண்ணு அசையாதது விஷத்தால. ஒடம்புல எந்தத் தசையும் சொன்ன பேச்சுக் கேக்காது. ஆனா உள்ள இருக்கான். நாம பேசறது அத்தனையும் கேட்டுட்டிருக்கான். இப்ப உன் முறை. ஊது."

பெலாகியோவுக்குப் பயமாக இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆம்பளை வாயில் வாய் வைக்கிற கூச்சம் ஒருபக்கம், பிணம் என்று ஒரு நொடிக்கு முன்னால் நம்பிய உடம்பு என்பது இன்னொரு பக்கம். ஆனாலும் ஊதினான். அனிசேத்தா எஞ்சினை முழு வேகத்துக்கு முடுக்கினாள். பசிலிசா எண்ணினாள்.

அதற்குப் பிறகு எண்கள் மட்டும்தான் கேட்டன. ஒரு தடவை பசிலிசா ஊதும்போது பெலாகியோ எண்ணினான். அந்தச் சுற்று மட்டும் முடியாமல் நீண்டுகொண்டே போனதாக அவளுக்குத் தோன்றியது. களைப்பினால் அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

துறைமுகத்திலிருந்து சரக்கு வண்டி ஒன்றில் ஏற்றி, வண்டித் தட்டிலும் ஊதிக்கொண்டே மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் இளைஞன். அவன் காற்றுப் பையை ஓர் ஊழியனிடம் கொடுத்து அமுக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சை எடுத்து ருஸ்திகோவின் கண்ணில் அடித்துப் பார்த்தான். இரண்டு கண்ணிலும் அடித்தான். பிறகு அனிசேத்தாவைப் பார்க்காமல் பசிலிசாவிடம், எவ்வளவு நேரம் மூச்சில்லாமல் இருந்தான் என்று தாழ்ந்த குரலில் கேட்டான். மூளை போய்விட்டதாக அவன் முடிவு கட்டிக்கொண்டிருந்தது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"ஒரு மூச்சுக்கூட விடுபடல, டாக்டர்," என்றாள் பசிலிசா. உதடு வீங்கி, உப்புப் பூத்த முகத்தோடு, வெறுங்காலோடு நின்றாள். ஆனாலும் குரலில் பிசிறில்லை. "கண்மணி சுருங்கறதும் தசையோட வேலைதானே. கூம்புச் சங்கு குத்தினவனுக்கு டார்ச் அடிச்சு மூளையப் பாக்க முடியாது. நாடி எண்பது, ஒழுங்கா அடிக்குது. நெகம் செவப்பா இருக்கு, பாருங்க. நாளைக்கு வரைக்கும் மிஷின்ல வெச்சா எந்திரிச்சுருவான்."

டாக்டர் நகத்தை அழுத்திப் பார்த்தான். நாடியைப் பார்த்தான். கூம்புச் சங்கைப் பற்றிப் படித்திருக்கிறேன், குத்துப்பட்ட ஆளைப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டான். உடனே தொண்டைக்குக் குழாய் எடுத்துவரச் சொன்னான்.

குழாய் வந்தபோது பசிலிசா குறுக்கே நின்றாள். முதலில் அவனிடம் சொல்ல வேண்டும், அவனுக்கு வலி தெரியும், மயக்க மருந்து கொடுங்கள் என்றாள். குனிந்து ருஸ்திகோவின் காதில், இப்போது தொண்டைக்குள் குழாய் விடப் போகிறார்கள், அது முடிந்தால் யாரும் ஊத வேண்டியதில்லை, மிஷின் பார்த்துக்கொள்ளும் என்றாள். டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனும் குனிந்து, "அண்ணே, நான் டாக்டர். தூங்க வைக்கறேன்," என்றான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ருஸ்திகோவின் இடது கால் கட்டைவிரல் அசைந்தது. அனிசேத்தாதான் பார்த்தாள். மத்தியானத்துக்குள் இமை ஏறியது, கையைப் பிடித்தால் திருப்பிப் பிடித்தான். சாயங்காலம் குழாயை எடுத்தார்கள். டாக்டர், அனிசேத்தா, பெலாகியோ, பசிலிசா எல்லாரும் சுற்றி நின்றார்கள். ருஸ்திகோ இரண்டு தடவை இருமினான். தொண்டை கரகரத்தது. பெலாகியோவைக் கண்ணால் தேடிப் பிடித்தான்.

"ஏண்டா," என்றான், "நூத்தியம்பதுலேர்ந்து நூத்தியறுபது வரைக்கும் ரெண்டு தடவ எண்ணினியே. எதுக்கு?"

பெலாகியோவுக்கு முகம் செத்துப்போயிற்று. தன் முறை வருவதைத் தள்ளிப்போடத்தான் அப்படி எண்ணினான். அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தான். அனிசேத்தா சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். டாக்டர் தன் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வந்து, வேறு என்னென்ன கேட்டது என்று விசாரித்தான். ருஸ்திகோ ஒவ்வொன்றாகச் சொன்னான். வலையுதறிக்கொண்டிருந்தவர்களின் கேலியில் தொடங்கி, சரக்கு வண்டிக்காரன் பாடிய பாட்டு வரைக்கும். அனிசேத்தாவின் வாயில் பூண்டு வாடை அடித்ததையும் விடவில்லை.

அவர்கள் வெளியே போன பிறகு, பசிலிசா மட்டும் இருந்தபோது, அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"எஞ்சின் சத்தம் கொறஞ்சப்போதான் நர்ஸக்கா நான் செத்தேன்," என்றான். "அதுக்கு முன்னால பயமில்ல. நீங்க சொல்லிட்டீங்க, அதனால எண்ணிக்கிட்டே கெடந்தேன். அவன் ஊருக்குத் திருப்பறேன்னப்போ கத்தினேன். உள்ளுக்குள்ள தொண்ட கிழியக் கத்தினேன். ஒரு ரோமம் அசையல."

பசிலிசா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத நான் கேட்டேன்னு அவனுக்குத் தெரிய வேணாம். எண்ணினதச் சொல்லிச் சொல்லியே ஆயுசுக்கும் ஓட்டுவேன். இத மட்டும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றாள். இதுவரை சொல்லவுமில்லை.

தீவுக்குத் திரும்பிய நான்காம் நாள், சில்வேரியோவின் தாய் தியோபிலா சுகாதார நிலையத்துக்கு வந்தாள். நோய் ஒன்றும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் போகிறவரைக்கும் காத்திருந்தாள். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்பது பசிலிசாவுக்கு உள்ளே நுழையும்போதே தெரிந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என் மகனுக்கும் இப்படி ஊதியிருந்தா?" என்று கேட்டாள் தியோபிலா.

பொய் சொல்ல வழி இருந்தது. விஷம் அன்று அதிகம் என்று சொல்லியிருக்கலாம், காலம் கடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பசிலிசா அப்படிச் சொல்லவில்லை.

"எந்திரிச்சிருப்பான்," என்றாள். "எனக்கு அன்னிக்குத் தெரியல. நாடி ஓடிட்டிருக்கும்போதே நான் கண்ண மூடிட்டேன். ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. உங்ககிட்ட வந்து சொல்லத் தைரியம் இல்ல."

தியோபிலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை, அழவில்லை. எழுந்து, முந்நூறு அடி தூரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு நடந்து போனாள். பசிலிசா அன்று பூராவும் வேலை செய்தாள். ஒரு பிரசவம் கூடப் பார்த்தாள். ஆறு வருடமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதை இனி ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சங்கு பொறுக்குகிறவர்கள், படகுக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் கோயில் முற்றத்தில் நிற்க வேண்டும் என்று பசிலிசா சொல்லி அனுப்பியிருந்தாள். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். கூம்புச் சங்கை உயிரோடு துணிப்பையில் போடக்கூடாது, மூடி போட்ட வாளியில்தான் போட வேண்டும் என்பதில் தொடங்கினாள். இமை தொங்கினால் என்ன அர்த்தம், நாக்கு குழறினால் என்ன அர்த்தம், தள்ளாடுகிறவனைக் கேலி செய்வதற்கு முன்னால் வாயை முகர்ந்து பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். வலையுதறிய இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

கூட்டத்தின் பின்வரிசையில் தியோபிலா வந்து நின்றாள். பக்கத்தில் அவளுடைய இரண்டாவது மகன். அவனும் முங்குகிறவன்தான். பசிலிசாவைப் பார்த்தும் அவள் தலையசைக்கவில்லை. மகனின் முதுகில் கை வைத்து முன்வரிசைக்குத் தள்ளிவிட்டாள்.

ஊதிக் காட்ட ஓர் ஆள் வேண்டும் என்றதும் ருஸ்திகோ பெஞ்சில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டான். செத்த மாதிரி கிடப்பதற்குத் தன்னைவிட அனுபவசாலி தீவில் யார் என்று கேட்டான். கூட்டம் சிரித்தது. தாடையை எப்படித் தூக்குவது, மூக்கை எப்படிப் பிடிப்பது என்று பசிலிசா காட்டினாள். முதலில் யார் என்றாள்.

பெலாகியோ முன்னால் வந்தான். காதுவரை சிவந்திருந்தான், ஆனாலும் வந்தான். மண்டியிட்டு, மைத்துனனின் கழுத்தில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பார்த்தான். அவசரப்படாமல் பார்த்தான். அதற்குப் பிறகுதான் குனிந்தான்.

"நர்ஸக்கா," என்று ருஸ்திகோ கண்ணைத் திறக்காமலே சொன்னான், "எண்ணறத மட்டும் நீங்க பாத்துக்குங்க."